துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு டிக்கெட் கடையில் வேலை பார்க்கிறேன். போன மாசம் ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகள் துபாயில், மகன் சிங்கப்பூரில். ஒரே வருஷத்தில் இரண்டு பேரையும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சென்னையிலிருந்து இரண்டு ஊருக்கும் போகும் விமானங்களைத் திரையில் எடுத்துக் காட்டினேன். ராத்திரி பத்து மணி வாக்கில் கிளம்பினால் துபாயில் பன்னிரண்டரைக்கு இறங்கலாம். அதே பத்து மணிக்குச் சிங்கப்பூர் விமானம் ஏறினால் விடிகாலை நாலரை ஆகிவிடும்.

"ஏங் கண்ணு, துபாய்க்கு ரெண்டரை மணி நேரம், சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரமா? பையன் அவ்ளோ தூரத்துலயா இருக்கான்?"

அவர் கழித்துப் பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து அந்த இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். ஆளுக்கு 2,930 கிலோமீட்டர் அளவு. பறக்கும் நேரமும் இரண்டுக்கும் நான்கு மணி நேரத்தை ஒட்டியே வரும். இதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கமிஷனுக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைத்துவிட்டார் போல. அப்புறம் உட்கார்ந்து விளக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான், கொஞ்சம் விரித்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம் என்றால் எந்தத் தூரம் என்று பார்க்கணும்.

சேலத்திலிருந்து ஏற்காடு எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் 30 கிலோமீட்டர் என்பார்கள். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை, மொத்தம் 20. ஆனால் ஒரு காக்கை சேலத்தில் கிளம்பி ஏற்காடு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தால் அது பறந்திருக்கும் தூரம் 14 கிலோமீட்டர்தான். மிச்சம் 16 கிலோமீட்டரும் வளைவுகளில் நாம் வளைந்து வளைந்து செலவழித்தது. விமானத் தூரம் என்று எங்கே போட்டிருந்தாலும் அது காக்கைத் தூரம். பஸ் தூரம் இல்லை.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? யாரும் வானத்தில் டேப் பிடித்து அளப்பதில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் உண்டு. கணக்கு அவற்றிலிருந்து வருகிறது. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நாமே போட்டுப் பார்க்கலாம். எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு.

சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கிறது. அதன் இடம் வடக்கே 11.78 பாகை (டிகிரி), கிழக்கே 78.07 பாகை. சென்னை மீனம்பாக்கம் வடக்கே 12.99, கிழக்கே 80.17. கழித்தால் வடக்கு வாக்கில் 1.21 பாகை, கிழக்கு வாக்கில் 2.10 பாகை வித்தியாசம்.

பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை 90 பாகை, தூரம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் போதும். ஆக, வடக்கு வாக்கில் 1.21 × 111 = 134 கிலோமீட்டர்.

கிழக்கு வாக்கில் அப்படியே பெருக்கக் கூடாது. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றாகச் சேர்கிறவை. ஆரஞ்சுச் சுளைகளின் கோடுகளைப் போல நடுவில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். நம் சேலம், சென்னை இருக்கும் அட்சரேகையில் ஒரு பாகைக்கு 108.5 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கும். எனவே 2.10 × 108.5 = 228 கிலோமீட்டர்.

இப்போது ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் 134, இன்னொரு பக்கம் 228. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் மிச்சம். 134-இன் வர்க்கமும் 228-இன் வர்க்கமும் கூட்டினால் 69,940. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 264.5. சேலம் டூ சென்னை காக்கைத் தூரம் 265 கிலோமீட்டர். ரயில் பாதையில் இதே பயணம் 335 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஜோலார்பேட்டை வரை ஏறிச் சுற்றிப் போவதால் அந்தக் கூடுதல்.

ஒரு சின்ன விஷயம். விமானிகள் கிலோமீட்டரில் பேசமாட்டார்கள், கடல் மைலில்தான் பேசுவார்கள். அட்சரேகையின் ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். இன்றைய வரையறைப்படி 1.852 கிலோமீட்டர். சேலம் – சென்னை அந்தக் கணக்கில் 143 மைல். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் என்றால் ஒரு நாட். கேப்டன் மைக்கில் 'மைல்' என்று சொன்னால் நம் பழைய மைல்கல் மைல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த முக்கோணக் கணக்கு கிட்ட இருக்கிற ஊர்களுக்குத்தான் செல்லும். தூரம் ஆயிரக்கணக்கில் போனால் பூமி உருண்டை என்பது குறுக்கே வந்து நிற்கும்.

அந்த அம்மா பையில் தோட்டத்து ஆரஞ்சு கொண்டு வந்திருந்தார். ஒன்றை வாங்கி, காம்பு இருக்கிற இடம் வட துருவம் என்று சொல்லி, பேனாவால் இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்று பெங்களூர். இன்னொன்று, அதற்கு ஏறக்குறைய மறுபக்கத்தில், சான்பிரான்சிஸ்கோ. சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பார்த்தால் பெங்களூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே பசிபிக் கடல் முழுக்கக் கடந்து போகணும் என்று தோன்றும். இல்லாவிட்டால் மேற்கே ஐரோப்பாவைத் தாண்டிப் போகணும். மேஜையில் கிடந்த ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, ஆரஞ்சைச் சரிபாதியாகப் பிரிக்கிற மாதிரி, இரண்டு புள்ளியும் அதன் மேல் படும்படி மாட்டினேன். ரப்பர் பேண்ட் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. காம்புக்குப் பக்கத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

அதுதான் குறுக்குவழி. உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் இந்தக் கோட்டுக்குப் பெருவட்டம் என்று பெயர். பெங்களூரில் கிளம்பும் அந்தக் கோடு சைபீரியாவின் வட ஓரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாகச் சான்பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது. தூரம் 14,000 கிலோமீட்டரை ஒட்டி. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவில் பெண் விமானிகள் மட்டுமே இருந்த ஒரு குழு, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகவே விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தது. தட்டையான படத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் அது ஏதோ வீம்புக்குச் சுற்றிய மாதிரி இருக்கும். ஆரஞ்சைப் பார்த்தால்தான் விளங்கும்.

சரி, தூரம் முடிந்தது. நேரத்துக்கு வருவோம். கடையில் அதிகம் பேர் சண்டைக்கு வருவது இங்கேதான்.

சேலத்துக்கு வந்து போவது ஏடிஆர் என்ற இரண்டு விசிறி வைத்த விமானம். எழுபது எண்பது பேர் உட்காரலாம். சேலம் ஓடுபாதை 1,800 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்கள் முழுப் பாரத்தோடு வந்து போக அது கட்டுப்படியாகாது. சேலம் – சென்னைத் தடத்தில் 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் விமானம் விட்டார்கள். நடுவில் நின்றுபோய், 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. ஏடிஆர் மேலே ஏறி நேராக ஓடும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். 265-ஐ 500-ஆல் வகுத்தால் 32 நிமிஷம். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்கிறது. "மீதி அரை மணி நேரம் எங்கே போச்சு?" என்று கேட்பார்கள்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. அதைத் தொழிலில் பிளாக் டைம் என்போம். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரியை மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள் இல்லையா? விமானத்துக்கும் நின்ற இடத்தில் கட்டை கொடுப்பார்கள். கிளம்பும் ஊரில் அந்தக் கட்டையை எடுத்து வண்டி நகர்வதில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை கொடுக்கிற வரை உள்ள நேரம்தான் டிக்கெட்டில் ஏறுகிறது.

சென்னையில் கட்டை எடுத்ததும் விமானம் பறந்துவிடாது. ஓடுபாதையின் தலைமாட்டுக்கு உருண்டு போகணும். முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் அதற்குப் பின்னால் நிற்கணும். பத்து, பதினைந்து நிமிஷம் அங்கேயே தொலையும். மேலே ஏறும்போது 500 கிலோமீட்டர் வேகம் வராது. மலை ஏறும் பஸ் மாதிரி, ஏற்றத்தில் வேகம் குறைவுதான். இறங்கும்போதும் அப்படியே. குறைந்த தூரப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பாதி. முழு வேகத்தில் ஓடுவது கொஞ்ச நேரம்தான்.

அப்புறம் திசை. விமானம் கூடுமானவரை காற்றுக்கு எதிர்முகமாகத்தான் மேலே கிளம்பும். சென்னையின் பெரிய ஓடுபாதை ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எழுதியிருக்கும். 70 பாகை, 250 பாகை என்று திசைகாட்டி முள் காட்டும் எண்ணில் ஒரு சைபரைத் தள்ளிவிட்டு எழுதுவது வழக்கம். மீனம்பாக்கத்திலிருந்து சேலம் இருப்பது 240 பாகைத் திசையில். ஆக, மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் 25 பக்கம் கிளம்பினால் மூக்கு ஏறக்குறைய சேலத்தைப் பார்த்தே எழும்பும். கடல்காற்று அடிக்கிற மத்தியானத்தில் 07 பக்கம், அதாவது கடலைப் பார்த்துக் கிளம்பணும். சேலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, பிறகு திரும்பி வரணும். ஊர் அதே ஊர், விமானம் அதே விமானம். காற்று மாறியதால் மட்டும் சில நிமிஷம் கூடுதல்.

சேலம் பக்கம் வந்தால் சேர்வராயன் மலை இருக்கிறது. சென்னையிலிருந்து கமலாபுரத்துக்கு நேர்க்கோடு போட்டால் அது மலையின் வடபகுதி மேலாகத்தான் வருகிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கு மேல், அடிக்கணக்கில் 5,300. மேகத்துக்குள் கருவிகளை நம்பி வரும் விமானம் மலைப் பிரதேசத்தில் உச்சிக்கு மேல் இன்னும் 2,000 அடி விட்டுத்தான் பறக்கணும் என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. அப்படியானால் 7,300 அடி. மலையைத் தாண்டினால் பதினைந்து கிலோமீட்டரில் ஓடுபாதை, அதுவும் கடல்மட்டத்திலிருந்து 1,000 அடி உயரத்தில். 15 கிலோமீட்டருக்குள் 6,000 அடி சரிவது என்றால் பிரேக் பிடிக்காத லாரி மலை இறங்குகிற மாதிரி ஆகிவிடும். வழக்கமாக ஒரு கடல் மைலுக்கு 300 அடிதான் இறங்குவார்கள். ஆகவே தாண்டி வந்து, ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறங்க வேண்டியிருக்கும். ஏற்காடு பஸ்ஸுக்கு மட்டும் இல்லை, விமானத்துக்கும் அந்த மலை ஒரு வளைவு வைத்திருக்கிறது.

இதெல்லாம் போக, கம்பெனிக்காரர்கள் கைக்காவலாகக் கொஞ்சம் நிமிஷம் சேர்த்துப் போடுவார்கள். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் அது நேரத்துக்கு வந்த விமானம் என்று கணக்கு. நீங்கள் ஏறிய விமானம் அரை மணி தாமதமாகக் கிளம்பி, பத்து நிமிஷம் மட்டும் தாமதமாக இறங்கினால் கேப்டன் வேகமாக ஓட்டினார் என்று எல்லாரும் பாராட்டுவார்கள். பாதிக்கு மேல் இந்தக் கைக்காவல் நிமிஷம்தான் காரணம்.

கடையில் நான் வைத்திருக்கும் தோராயக் கணக்கு இது. காக்கைத் தூரத்தை ஏடிஆர் என்றால் 500-ஆல், ஜெட் என்றால் 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேர்த்துக்கொள். சேலம் – சென்னை 32 நிமிஷமும் 30-ம், ஒரு மணி நேரம். சேலம் – ஹைதராபாத் 607 கிலோமீட்டர். வகுத்தால் 73 நிமிஷம், முப்பது சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். தூரம் இரண்டேகால் மடங்கு கூடியும் நேரம் இரண்டு மடங்கு கூடவில்லை பாருங்கள். அந்த அரை மணி நேரம் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே வாடகை. 2,930 கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் நான்கு மணி நேரம். துபாய்க்கும் அதே, சிங்கப்பூருக்கும் அதே.

நீண்ட பயணங்களில் இந்தக் கணக்கைக் கெடுப்பது காற்று. ஒகேனக்கலில் பரிசல் போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். துடுப்புப் போடுகிறவர் ஒரே பலத்தில் போட்டாலும், தண்ணீரோடு போனால் பரிசல் ஓடும், எதிர்த்துப் போனால் கரை நகரவே நகராது. விமானமும் காற்று என்ற ஆற்றில் மிதக்கிற பரிசல்தான். சேலம் – சென்னையில் மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் 32 நிமிஷம் 35 ஆகும். யாருக்கும் தெரியாது. சென்னை – லண்டன் 8,200 கிலோமீட்டர். 900 கிலோமீட்டர் வேக ஜெட்டுக்கு வழியெல்லாம் 100 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால் பத்தேகால் மணி நேரம். அதே காற்று முதுகில் தள்ளினால் எட்டேகாலுக்குள் முடிந்துவிடும். உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே காற்று பலமாக ஓடுவதால்தான் லண்டன் போகும்போது ஒரு நேரமும் திரும்பி வரும்போது அதைவிடக் குறைவும் டிக்கெட்டில் இருக்கிறது.

போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும், சரிக்குச் சரி என்று நினைக்கத் தோன்றும். கிடைக்காது. காற்றே இல்லாவிட்டால் போக வர 18 மணி 13 நிமிஷம். மேலே சொன்ன காற்றோடு கூட்டிப் பாருங்கள், 18 மணி 27 நிமிஷம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றில் அதிக நேரம் கிடக்கிறோம், பின்காற்றிலோ சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறோம். விமானிகள் சில நாள் பெருவட்டக் கோட்டை விட்டு விலகிப் போவதும் இதனால்தான். தூரம் நூறு கிலோமீட்டர் கூடினாலும் நல்ல காற்று கிடைத்தால் நேரமும் எண்ணெயும் மிச்சம்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. துபாய்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி பத்துக்குக் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால் சேலத்துக் கடிகாரத்தில் இரண்டு மணி. அந்த நிமிஷத்தில் துபாயில் பன்னிரண்டரை, சிங்கப்பூரில் நாலரை. மகளும் மகனும் ஒரே தூரத்தில்தான் இருக்கிறார்கள். கடிகாரம்தான் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு திசையில் இழுத்துக் காட்டுகிறது.

"அப்போ திரும்பி வரப்ப மாறுமா?" என்று கேட்டார். கேட்டாரே ஒரு கேள்வி! மாறும். சிங்கப்பூரில் பத்துக்கு ஏறினால் சென்னையில் பதினொன்றரைக்கு இறங்கியதாக இருக்கும், துபாயில் பத்துக்கு ஏறினால் விடிகாலை மூன்றரை. எத்தனையோ படித்தவர்கள் கேட்காத கேள்வி அது.

அவசரப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். விமானம் பிளாக் டைமில் போகிறது, நாம் வீட்டு வாசலிலிருந்து போகிறோம். சேலம் டவுனிலிருந்து கமலாபுரம் இருபது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் வையுங்கள். ஒரு மணி நேரம் முன்னாடி போய் நிற்கணும். பறக்க ஒரு மணி. பெட்டி வந்து சேர இருபது நிமிஷம். மீனம்பாக்கத்திலிருந்து தி. நகர் போக முக்கால் மணி. கூட்டினால் நான்கு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் குறைச்சல். வந்தே பாரத் ரயிலும் சேலத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நான்கு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. சென்னைக்கு மட்டும் போகிறவருக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன், கமிஷன் போனாலும் பரவாயில்லை. மீனம்பாக்கத்திலேயே இறங்கி அங்கேயே அடுத்த விமானம் ஏறுகிறவருக்குக் கணக்கு வேறு. அவருக்குச் சென்னைப் போக்குவரத்து நெரிசல் என்ற பகுதியே கிடையாது.

அதனால் அந்த அம்மாவுக்குச் சேலத்திலிருந்தே விமானம் போட்டேன். ஏற்காட்டிலிருந்து பஸ் இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து கமலாபுரம். சென்னையில் இறங்கி வெளிநாட்டு விமானம் ஏற நடுவில் ஐந்து மணி நேரம் விட்டு வைத்தேன். "இவ்ளோ நேரம் சும்மா உக்காரணுமா கண்ணு?" என்றார். மலைமேல் மூடுபனி, கடல்காற்று, வரிசையில் நிற்கும் நாலு விமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அம்மா என்றேன். முதலில் துபாய், மகள் வீடு. சிங்கப்பூர் சித்திரைக்கு மேல்.